வாய்நாற்றமும் அதை அறிவிக்கும் முறைகளும்: ஓர் அறிமுக ஆராய்ச்சி

வாய்நாற்றம் எனப்படுவது, ஒருவர் வாயில் பிறந்து, அவரைச் சுற்றியுள்ள அனைவராலும் அறியப்பட்டு, அவர் ஒருவரால் மட்டும் அறியப்படாமல் நெடுநாள் வாழும் ஒரு வாயு நிலையாகும். இதன் வேதியியல் பெரும்பாலும் விளங்கிவிட்டது. ஆனால் இதை உரியவரிடம் எப்படித் தெரிவிப்பது என்னும் கிளைத்துறை, தினந்தோறும் பேருந்திலும் அலுவலகத்திலும் திண்ணையிலும் செய்முறையாகப் பயிலப்பட்டு வந்தபோதிலும், அதற்குரிய ஆய்வு மரியாதையை இன்னும் பெறவில்லை.

முதலில் வேதியியல். பொதுமக்கள் இந்நாற்றத்துக்கு வயிற்றைக் குற்றஞ்சாட்டுவது வழக்கமெனினும், பத்தில் எட்டு, ஒன்பது நேர்வுகளில் வயிறு நிரபராதி. அடிநாக்கின் மேற்பரப்பிலும் ஈறுகளின் இடுக்கிலும் குடியிருக்கும், காற்றில்லாமல் வாழவல்ல பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்து, அழுகிய முட்டை மணக்கும் ஹைட்ரஜன் சல்பைடையும், அதனினும் கொடிய மெத்தில் மெர்காப்டனையும் வெளியிடுகின்றன. பின்னதன் நெருங்கிய உறவான எத்தில் மெர்காப்டன்தான் கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகச் சமையல் எரிவாயுவில் கலக்கப்படுகிறது. அண்ணன் சிலிண்டரிலிருந்து வந்தால் வீடே கூச்சலிட்டுச் சன்னலைத் திறக்கிறது; தம்பி விருந்தினர் வாயிலிருந்து வந்தால் அதே வீடு புன்னகையுடன் தலையாட்டுகிறது என்னும் முரணே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் விடியலில் எவர் வாயும் சிறிது நாறும். விரதமிருப்போர்க்கும், நீண்டநேரம் பேசி வாய் உலர்ந்த மேடைப் பேச்சாளர்க்கும் இது பொருந்துமாதலால், முன்வரிசை நாற்காலிகள் மதிப்புக்குரியவை என்னும் கருத்து மறுபரிசீலனைக்குரியது. வெள்ளைப்பூண்டின் வழி வேறு: அதிலிருந்து உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்பைடு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வருவதால், எத்தனை முறை பல் விளக்கினாலும் அது தன் நேரம் முடிந்தே அகலும்.

உடையவர் ஏன் அறிவதில்லை எனில், இடைவிடாது வரும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து தமக்குத் தாமே நற்சான்றிதழ் வழங்கிக்கொள்வது பரவலாயினும் நம்பத்தக்கதன்று. மணிக்கட்டை நக்கி, உலரவிட்டு முகர்வது அதனினும் சற்றே மேல். மருத்துவ ஆய்வுகளிலோ, பயிற்சி பெற்ற ஒருவர் அருகிருந்து முகர்ந்து, சுழியம் முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார். உலகில் இதை நேர்மையாகச் சொல்லச் சம்பளம் பெறுபவர் அவரே.

மற்றவர்கள் சொல்வதில்லை, குறிப்பால் உணர்த்துகிறார்கள். அக்குறிப்புகளுள் எளியது பின்வாங்கல். இதில் கேட்பவர் அரையடி நகர, பேசுபவர் தம் கருத்து சரியாகக் கேட்கவில்லை போலும் எனக் கருதி ஓரடி நெருங்குவதால், இருவரும் பேச்சு முடிவதற்குள் அறையின் மறுகோடியை அடைந்திருப்பர். அடுத்தது ஏலக்காய் உபாயம். சோம்போ ஏலக்காயோ புதினா மிட்டாயோ நீட்டப்படும். பெறுபவர் அதை அன்பெனக் கொண்டு, "எனக்கு சுகருங்க" என்று மறுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். மூன்றாவதான பொதுமையாக்கல் முறையில், "நாக்கை வழிக்கலேன்னா கிருமி சேருமாமே" என்று யாரையும் சுட்டாமல் கூறப்படும். கேட்டவர் ஆர்வத்துடன் ஆமோதித்து, அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லுமாறு பரிந்துரைப்பார். பதவி உயர உயரக் குறிப்புகளும் குறைவதால், மேலாளர் நிலையை அடைந்தவர்க்கு இச்செய்தி ஓய்வுபெறும்வரை எட்டுவது அரிது.

அரசரும் இதில் தடுமாறியதுண்டு. சீனத்தின் ஹான் அவையில் அதிகாரிகள் கிராம்பை வாயிலடக்கியே பேரரசரிடம் பேசுவது வழக்கமாயிற்று. முதிய அதிகாரி ஒருவர்க்குப் பேரரசர் காரணம் கூறாமல் கிராம்பைக் கொடுக்க, நாக்கு சுறுசுறுத்ததும் அது மரண தண்டனைக்கான நஞ்சென்றே எண்ணி அவர் வீட்டாரிடம் விடைபெறத் தொடங்கினார் என்றும், உடன் பணிபுரிந்தோர் உண்மையறிந்து சிரித்தனர் என்றும் பழங்குறிப்பு கூறுகிறது. ஒருவரைக் கொல்வதைவிட அவர் வாய் நாறுகிறது என்று சொல்வது அரியணைக்கும் கடினமாயிருந்தது. 1879இல் கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், 1920களில் இம்மௌனத்தையே விளம்பரப் பொருளாக்கி, நண்பரும் சொல்லமாட்டார் என்று அமெரிக்கரை அஞ்சவைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டியது.

சீராக்கும் வழியோ எளிது. சரக சங்கிதையே நாக்கு வழிப்பானைக் குறிப்பிடுகிறது. வேப்பங்குச்சியால் பல் துலக்கியபின் அதையே இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்த தாத்தாக்கள், தெருவே கேட்க ஓங்கரித்ததன் காரணம், அவர்கள் அடிநாக்குவரை சென்றதேயாகும். பல்லிடுக்கை நூலால் துப்புரவு செய்தல், நீர் அருந்துதல், ஈறு நோய்க்கும் சொத்தைக்கும் மருத்துவம் பார்த்தல் ஆகியன எஞ்சியவை. வாய் கொப்பளிக்கும் மணநீர்களுள் துத்தநாக உப்புள்ளவை கந்தக வாயுவைக் கட்டுப்படுத்தும். வெறும் நறுமணம் மட்டும் உள்ளவை நாற்றத்துக்குத் துணையாக மணத்தையும் அனுப்பிவைக்கும். இத்தனைக்கும் அடங்காவிடில், அடிநாக்குச் சதையில் படியும் கற்களையும் மூக்குக் கோளாறுகளையும் பார்க்கவேண்டும். மூச்சில் பழவாடை வீசினால் கட்டுப்படாத நீரிழிவும், அம்மோனியா வாடை வீசினால் சிறுநீரகமும் காரணமாகலாமென்பதால், அங்கே நகைச்சுவையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை. நாற்றமே இல்லாதிருந்தும் உண்டென நம்பி வாயைப் பொத்தியே பேசுவோரும் உளர்; அவர்க்கும் தேவை உண்மை சொல்லும் ஓர் ஆளே.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இதற்கென ஒருவரை நியமித்துக்கொள்வது நலம். தகுதி எட்டு வயதுக்குக் குறைவு. "தாத்தா, வாய் கப்படிக்குது" என்று பலர்முன் சொல்லும் ஆற்றல் அவ்வயதோடு முடிந்துவிடுகிறது. அத்தகைய குழந்தை வாய்க்காதவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் செல்க.