ஏறும் விலை, ஏறாத விலை

கேள்வி: மட்டக்களப்புச் செய்தி இணையத்தளம் ஒன்று நடத்துகிறோம். விளம்பர இடத்தைக் கூகுள் ஏலத்தில் விடலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: விடுங்கள், முழுவதையும் விடாதீர்கள். இந்த ஏலத்தை நடத்தும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இல்தான் தமிழ்ப் பக்கங்களுக்குக் கதவைத் திறந்தது. பக்கம் திறந்து முடிவதற்குள் ஏலமே முடிந்துவிடும். வாவிக்கரையில் இறாலை ஏலம் கூறுபவருக்குக்கூட அந்த வேகம் வராது! ஆனால் அங்கே செய்தியின் தரத்தைவிட வாசகர் இருக்கும் ஊரைப் பார்த்தே விளம்பரதாரர்கள் விலை கேட்பார்கள். டொரொன்டோவில் ஏறும் விலை ஏறாவூரில் ஏறாது. 100 டொலர் சேரும்வரை காசும் கைக்கு வராது. அதனால் பக்கத்தின் உச்சி இடத்தைக் காத்தான்குடிப் புடவைக்கடைக்கோ பாசிக்குடா ஹோட்டலுக்கோ மாத வாடகைக்கு நேரே பேசுங்கள். மிச்சத்தை ஏலத்தில் விட்டு, ‘ஒரே மாதத்தில் கோடீஸ்வரர்’ வகை விளம்பரங்களை முதல் நாளே தடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்.