டமார் மாமா

குமராட்சிக் கடைத்தெருவில் லாரி டயர் வெடித்தால் டிரைவர் இறங்கி டயரைப் பார்ப்பார். நாங்கள் டமார் மாமாவைப் பார்ப்போம்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைப்பார். கண்ணை மூடுவார். வலது காதைக் கொஞ்சம் சாலைப் பக்கம் திருப்புவார். பத்து நொடியில் தீர்ப்பு வரும்.

"இது தானா வெடிச்சது இல்ல."

அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஏதோ ஓர் ஆபீஸில் முப்பது வருஷம் தபால் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். அங்கே அதிகபட்சச் சத்தம் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுதான். அந்தக் குறையை இப்போது டீக்கடை பெஞ்சில் தீர்த்துக்கொள்கிறார். எங்கள் ஊரில்தான் இப்படி ஒருவர் என்று நினைக்க வேண்டாம். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் உண்டு. சிதம்பரம் நாலு வீதிக்கும் வீதிக்கு ஒருவர் வீதம் நால்வர் உண்டு.

கட்டடம் விழுவது பற்றி மாமாவிடம் விதிகள் இருக்கின்றன. தானாக விழும் கட்டடம் சத்தம் போடாது. பெரியவர்கள் சாய்வு நாற்காலியில் உட்காருகிற மாதிரி அடக்கமாக உட்காரும். இது முதல் விதி. நேராக இறங்கினால் வெடி வைத்தது. இது இரண்டாவது. சாய்ந்து விழுந்தாலும் வெடிதான், வைத்தவனுக்கு அனுபவம் போதாது. இது மூன்றாவது. சத்தமே கேட்காமல் விழுந்தால் என்ன மாமா என்று ஒரு பையன் கேட்டான்.

"அதுதான் தம்பி, தொழில் சுத்தம்."

இதில் மாமாவை மட்டும் குறை சொல்லக்கூடாது. தமிழும் உடந்தை. வானத்தில் கேட்டால் இடி. வீடு விழுந்தாலும் இடிந்தது. தீபாவளிக்குப் போடுவது வெடி. சுவரில் கோடு விட்டாலும் வெடிப்பு. பங்குனி, சித்திரையில் எங்கள் களிமண் வயல் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தி வெடிக்கும். பாட்டிக்குக் குதிகால் வெடிக்கும். எதற்கும் யாரும் திரி கொளுத்துவதில்லை. ஆனால் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் காலில் 'வெடிப்பு காணப்படுகிறது' என்று நோட்டீஸ் ஒட்டினார்களே, அன்றைக்கு மாமா டீக்கடைக்குள் நுழைந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இப்ப அரசாங்கமே எழுதி ஒட்டிட்டாங்க!"

மாமாவுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்தது மௌலிவாக்கத்தால். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். நல்ல மழை. சென்னைப் புறநகரில் வேலை நடந்துகொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று நின்ற இடத்திலேயே சரிந்தது. பிழைக்க வந்த கூலித் தொழிலாளிகள் உட்பட 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொன்னார்கள். ஊரே அதை நம்ப மறுத்தது. மாமாவும் மறுத்தார், ஆனால் வேறு காரணத்துக்காக.

"இடி மாதிரி சத்தம் கேட்டுச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்கல்ல? இடி மாதிரின்னா என்னா அர்த்தம்? டமார்! டமார்னா என்னா அர்த்தம்? வெடி!"

மாமாவுக்கு எதிர்க்கட்சி எங்கள் மேஸ்திரி. நாற்பது வருஷம் கரணை பிடித்த கை. பேச்சு குறைவு. அன்றைக்கு அவர் எழுந்து போய், டீக்கடை அடுப்புக்குக் கிடந்த விறகிலிருந்து காய்ந்த சவுக்கு மிலாறு ஒன்றை எடுத்துவந்தார். முழங்காலில் வைத்து ஒரே அழுத்து. 'டப்' என்று கேட்ட சத்தத்தில் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"இதுல எங்க வெடி வெச்சேன், சொல்லுங்க."

மாமா இரண்டு துண்டையும் வாங்கி, முறிந்த இடத்தை முகர்ந்து பார்த்தார். "நீ வெக்கல மேஸ்திரி. வெறகு வித்தவன் வெச்சிருப்பான்."

மேஸ்திரி விடவில்லை. "கான்கிரீட்டுத் தூணு வளைஞ்சு குடுக்கிற ஜாதி இல்லைங்க. தாங்குற வரைக்கும் தாங்கும். முடியலைன்னா ஒரே அடியா நொறுங்கும். ரிங்கை நெருக்கமா கட்டலைன்னா உள்ள நிக்கிற கம்பி வெளிய பிதுங்கிடும். கம்பி அறுந்தா துப்பாக்கி சுட்ட மாதிரிதான் கேக்கும். ஒரு தூணு விட்ட பாரம் பக்கத்துத் தூணுக்குப் போவும், அது விட்டா அதுக்குப் பக்கத்துக்கு. அதான் வரிசையா டமார் டமார்னு கேக்குது."

"அப்ப சன்னல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை வருதே?"

மேஸ்திரி டீக்கடைக் கடன் நோட்டை எடுத்தார். கல்லாவில் கிடந்து பாதி டீத்தூளும் பாதி சர்க்கரையுமாக இருந்த நோட்டு. விரித்துவைத்துப் படாரென்று மூடினார். மூன்று பக்கமும் தூசு பறந்து மாமாவின் மூக்கில் ஏறியது. "மேல் தளம் கீழ் தளத்து மேல உக்காந்தா நடுவுல இருக்கிற காத்து எங்க போவும்? சன்னல் வழியாத்தான் போவும்."

மாமா மூன்று தும்மல் போட்டார். நோட்டைச் சந்தேகமாகப் பார்த்தார். அதில் அவர் கணக்கும் இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

இந்த வழக்குக்கு இயற்கையே ஒரு சாட்சியை விட்டுவைத்திருந்தது. விழுந்த கட்டடத்துக்குத் துணையாக அதே வளாகத்தில் இன்னொரு 11 மாடி நின்றது. 2016 நவம்பர் 2 அன்று அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன் இப்படி அடுக்குமாடியைத் தகர்த்து யாரும் பார்த்ததில்லை. ஒரே வளாகம், ஒரே மாதிரி இரண்டு கட்டடம். ஒன்று வெடி இல்லாமல் விழுந்தது, மற்றது வெடி வைத்து விழப்போகிறது. இதைவிட நல்ல பரீட்சை மாமாவுக்கு அமையாது. மத்தியானமே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இருட்டிய பிறகுதான் தகர்த்தார்கள். அதற்குள் மாமா ஏழு டீ. ஏழும் நோட்டில்.

படபடவென்று சத்தம். கட்டடம் ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் சில நொடிகளில் புழுதிதான் மிச்சம்.

"பாத்தீங்களா? அன்னிக்கும் இதே டமார்தான்!" என்று மாமா துள்ளி எழுந்தார்.

மேஸ்திரி அசையவில்லை. "நல்லா பாருங்க. முதல்ல சத்தம், அப்புறம்தான் கட்டடம் அசையுது. இதுக்கு முன்னாடியே தூணு தூணா ஓட்டை போட்டு, மருந்து அடைச்சு, வயர் இழுத்து, சுத்துப்பட்டு வீட்டையெல்லாம் காலி பண்ண வெச்சாங்க. அன்னிக்கு உள்ள அத்தனை பேரு வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் கால்லகூடவா ஒரு வயரு தட்டல?"

மாமாவுக்கு மேஸ்திரி பதில் வெறும் உள்ளூர்ப் பதில். அவர் உடனே நியூயார்க் போய்விட்டார். அவர் வாதத்தில் தோற்கும்போதெல்லாம் விமானம் ஏறுவது வழக்கம். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களோடு மூன்றாவதாக ஒரு 47 மாடியும் சாயங்காலம் விழுந்தது. அதில் விமானமே மோதவில்லை. மாமாவின் பிரம்மாஸ்திரம் அதுதான்.

அதை விசாரித்த அமெரிக்க அரசு நிறுவனம் 2008-இல் அறிக்கை கொடுத்தது. மணிக்கணக்காக எரிந்த தீயில் உத்தரங்கள் சூட்டில் நீண்டு, தாங்கிய இடத்திலிருந்து நழுவி, 79-ஆம் எண் தூண் துணையில்லாமல் மடிந்தது என்றார்கள். வெடி என்ற சந்தேகத்தையும் அவர்கள் ஒதுக்கவில்லை, கணக்குப் போட்டே பார்த்தார்கள். அந்த ஒரு தூணை முறிக்கிற மிகச் சின்ன வெடி வைத்திருந்தாலும் அரை மைல் தள்ளி நிற்பவர் காதில் 130 முதல் 140 டெசிபல் சத்தம் அறைந்திருக்கும். அப்படி ஒரு சத்தம் எந்தப் பதிவிலும் இல்லை. ஆக, சத்தம் கேட்டதா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு கேட்டது, எப்போது கேட்டது என்பதுதான் கேள்வி. இதை நான் மாமாவிடம் பொறுமையாகச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "டெசிபலை அளந்தது யாரு?"

"அவங்கதான்."

"ஹூம்" என்றார். வழக்கு முடிந்தது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகளை வெள்ளம் அடித்துப் போனது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. வயதும் வெள்ளமும் கூட்டுச் சேர்ந்தால் கல்லும் என்ன செய்யும்? மறுநாள் காலை மாமா கண் சிவந்து வந்தார். ராத்திரி அந்த வெடி தன் காதில் விழுந்ததாம். முக்கொம்புக்கும் குமராட்சிக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். சத்தம் புறப்பட்டால் நம் ஊர் வந்து சேரவே ஐந்து நிமிஷம் ஆகும் என்றேன். "அதான் கொஞ்சம் லேட்டாக் கேட்டுச்சு" என்றார்.

மாமா பொய் சொல்பவர் இல்லை. அவர் காதில் விழுந்தது விழுந்ததுதான். காது சத்தத்துக்குத்தான் சாட்சி சொல்லும், எண்ணத்துக்குச் சொல்லாது. அந்த இடத்தில்தான் மாமா ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கம்பி குறைந்தது, மண் சரியில்லை, கணக்கு தப்பு என்றால் கேட்பதற்கே அற்பமாக இருக்கிறது. இத்தனை பெரிய சாவுக்கு இவ்வளவு சின்னக் காரணமா? சதி என்றால் வில்லனாவது பெரிய ஆளாக இருப்பான்.

நிஜ வெடி ஒருநாள் எங்கள் பக்கமே வந்தது. 2020 செப்டம்பர் 4. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் குருங்குடியில் பட்டாசு தயாரிக்கும் இடம் வெடித்துக் கட்டடம் தரைமட்டமானது. 9 பெண்கள் இறந்தார்கள். சத்தம், வெடி, இடிந்த கட்டடம் மூன்றும் அங்கே இருந்தன. மாமா இத்தனை வருஷம் தேடிய வழக்கு. டீக்கடையில் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு விவரம் கெட்டவன் கேட்டே விட்டான். "மாமா, இதுல யாரு வெச்சிருப்பாங்க?"

மாமா கண்ணை மூடவில்லை. காதைத் திருப்பவில்லை.

"யாரும் வெக்கலப்பா. வேலைக்குப் போனாங்க."

காசைக் கையோடு கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவர் கடன் சொல்லாமல் டீ குடித்ததை அன்றுதான் பார்த்தோம். மேஸ்திரி வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் மாமா வரவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது, யாரும் உட்காரவில்லை. பதினோராம் நாள் வந்தார். டீ சொன்னார். பழைய மாமாவா, புது மாமாவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. டீ மாஸ்டர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"மாமா, நோட்டுல ஆயிரத்து இருநூத்தி நாப்பது ஆயிருக்கு."

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். வலது காதைக் கொஞ்சம் நோட்டுப் பக்கம் திருப்பினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

"இது தானா ஏறினது இல்ல."