புத்தகம் தொலைக்க அனுமதி கோரி

அனுப்புநர்:
பட்டு நெசவாளி,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் (பெற்றோர் வகை),
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
வாசிப்பை வளர்க்கும்படி சுற்றறிக்கை அனுப்பும் உயர் அதிகாரி அவர்கள்,
மேலிடம்.

பொருள்: தொடக்கப் பள்ளி நூலகம் – வாசிப்பு வாரம், எழுத்தாளர் வருகை சிறப்பாக நடந்தேறியமை – புத்தகங்களுக்குச் சேதமில்லை – புத்தகம் தொலைக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை, அதற்கு முந்தைய சுற்றறிக்கை, இரண்டையும் நினைவூட்டிய சுற்றறிக்கை.

ஐயா,

பார்வையில் கண்டபடி எங்கள் பள்ளியில் வாசிப்பு வாரம் கொண்டாடினோம். எழுத்தாளர் ஒருவரையும் அழைத்து வந்தோம். எல்லாம் முடிந்தபின் எண்ணிப் பார்த்ததில், இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் அத்தனையும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. ஒன்றிலும் மடிப்பு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. சிலவற்றில் அச்சகத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் இன்றைக்கும் பிரியவில்லை. வாசிப்பு வாரத்தை இவ்வளவு பத்திரமாக நடத்திய பள்ளி இந்த வட்டாரத்தில் வேறு இருக்காது. பாராட்டுச் சான்றிதழ் அனுப்புவதானால் பீரோவின் பெயருக்கு அனுப்பவும்.

நிகழ்ச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் ஏழு நாற்காலி. பள்ளிக்கு மின்விசிறி கொடுத்தவர், கொடுப்பதாகச் சொன்னவர், அரிசி ஆலைக்காரர், முன்னாள் உறுப்பினர், இந்நாள் உறுப்பினர், இருவருக்கும் நடுவே ஆள் உட்கார வேண்டும் என்பதற்காக ஒருவர், கடைசி நாற்காலியில் எழுத்தாளர். வாசிப்பின் பயன் பற்றி ஆறு பேர் பேசினார்கள். புத்தகம் படித்ததால்தான் தான் இந்த நிலைக்கு வந்ததாக ஆறு பேரும் சொன்னார்கள். எந்தப் புத்தகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, சைகை காட்டியபோதெல்லாம் கைதட்டினார்கள். அந்தப் பயிற்சி அவர்களுக்கு நன்றாக வந்திருக்கிறது.

எழுத்தாளருக்குச் சால்வை போர்த்தினார்கள். பாலியஸ்டர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற ஊர் ஐயா இது. உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் எட்டி அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பட்டு இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். வாசிப்பு வாரம் முழுவதிலும் எங்கள் பள்ளியில் நடந்த ஒரே விமர்சனக் கூட்டம் அதுதான். அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை.

பிறகு படம் எடுத்தோம். தாங்கள் கேட்டபடி இடமும் நேரமும் பதிகிற செயலியில்தான் எடுத்தோம். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் துல்லியமாக இருக்கும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகங்கள் படத்துக்காகப் பீரோவிலிருந்து வந்து, படம் முடிந்ததும் பீரோவுக்குப் போயின. இரண்டு பையன்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். பெரிதுபடுத்திப் பார்க்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடிக்க மிச்சமிருந்த நேரம் எழுத்தாளருக்குக் கிடைத்தது. பாவம், நல்ல மனிதர். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். கைதட்டுகிற சைகையை யாரும் காட்டாததால் பிள்ளைகள் தட்டவில்லை. வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் கேட்கலாம் என்றதும் ஐந்தாம் வகுப்புப் பையன் எழுந்தான்.

"சார், ஒரு கதைக்கு எவ்ளோ கூலி?"

தறிக்காரன் பிள்ளை வேறு என்ன கேட்பான்? கூலி என்று தனியாக இல்லை, அச்சான புத்தகத்திலேயே பத்துப் பிரதி கொடுப்பார்கள் என்றார் அவர். பையன் விடவில்லை. "சேலை நெய்ஞ்சதுக்குச் சேலையையே கூலியா குடுத்தா எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு சார்." தலைமை ஆசிரியை அவனை உட்காரச் சொன்னார். நான் பின்வரிசையில் இருந்தேன். அந்தப் பையன் பக்கம்தான் நியாயம் இருந்தது.

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு எழுதி மட்டும் அடுப்பு எரியாது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பிரிட்டனில் பள்ளிக்குக் கதை சொல்லப் போகிற எழுத்தாளர் நாள் ஊதியம் வாங்குவது வழக்கமாம். எங்கள் எழுத்தாளருக்குப் பேருந்துக் கட்டணம் தரவே பதிவேட்டில் தலைப்பு இல்லை. சால்வைக்கு இருந்தது, பதாகைக்கு இருந்தது, ஏழு பேருக்கு மிக்சரும் இனிப்பும் வாங்க இருந்தது. கடைசியில் தலைமை ஆசிரியை தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுத்தாளருக்குப் பஞ்சமான மாவட்டமும் இல்லை இது. பிள்ளைகளுக்கான கதை நூலுக்கு 2021ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மு. முருகேஷ் இதோ வந்தவாசியில் இருக்கிறார். விருது வாங்கிய ஆளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கிற தூரம் பேருந்துத் தூரம் மட்டுமே. தங்கள் சுற்றறிக்கை சென்னையிலிருந்து வருகிறதே, அதைவிடப் பக்கம்.

இனி பீரோவுக்கு வருகிறேன்.

அதைப் பூட்டி வைத்ததற்குத் தலைமை ஆசிரியையைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் கைப்பேசியில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். இணையம் வந்தால் ஏற்றுவார், வராவிட்டால் வரும்வரை காத்திருப்பார். இதற்கு நடுவே பீரோவின் சாவி. அவர் மாறுதலாகிப் போகும்போது பதிவேட்டையும் புத்தகத்தையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கேள்வி வரும், விளக்கம் எழுத வேண்டும், கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு புத்தகத்தையும் ஒருவரும் ஐந்து வருஷமாகத் தொடவில்லை என்றால் கேள்வியே வராது. தொட்டால் குற்றம், தொடாவிட்டால் நிம்மதி. இந்த ஏற்பாட்டில் எந்தப் புத்திசாலியும் பூட்டத்தான் செய்வார். நானாக இருந்தால் இரண்டு பூட்டுப் போட்டிருப்பேன்.

சட்டம் என்னவோ நல்ல சட்டம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகம் உட்பட எல்லாம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. கதைப் புத்தகம் என்று பாராளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது! தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு நல்ல பட்டுச் சேலைக்கு அது போதாது. ஆனால் மெல்லிய கதைப் புத்தகம் நூறுக்கு மேல் வாங்கலாம். 2023இல் வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்களே, உண்மையிலேயே அருமையான வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒரே மூச்சில் முடித்துவிடும். ஒரே ஒரு யோசனை: 'நுழை' என்ற நிலைக்கு முன்னால் 'திற' என்று ஒரு நிலையைச் சேர்த்தால் நல்லது.

1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக இயலுக்கு வகுத்த ஐந்து விதிகளை நூலாக்கியதும் அதே ஆண்டில்தான். நூல் இருப்பது பயன்படுவதற்கே என்பது அவற்றில் முதல் விதி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில். சொத்துவரியோடு சேர்த்து நாங்கள் நூலக வரியும் கட்டுகிறோம். இத்தனை பெருமை உள்ள மாநிலத்தில் ஒரு கதைப் புத்தகம் வகுப்பறை மூலையிலிருந்து எட்டடி தள்ளி இருக்கிற பிள்ளையின் மடிக்கு வந்து சேர வழியில்லை. அந்த மாடுகளுக்கு இருந்த சுறுசுறுப்பு எங்கே போயிற்று என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கலாம்.

இப்போது அனுமதி விஷயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, விதி 215ஐத் தாங்கள் அறிவீர்கள். அறியாமல் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கும் சமீபத்தில்தான் தெரியும். நூலகத்தில் ஓர் ஆண்டில் ஆயிரம் முறை புத்தகம் எடுத்துப் படிக்கப்பட்டால், ஐந்து புத்தகம் தொலைவது நியாயமான இழப்பு. திருட்டோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டதும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. எங்கள் பீரோவில் ஆயிரம் ரூபாய்ப் புத்தகம் கிடையாது. அரிய நூல்தான் எல்லாமே, கண்ணில் படாததால்.

இந்த விதியில் இருக்கிற அழகைக் கவனியுங்கள் ஐயா. இருப்பில் ஆயிரத்துக்கு ஐந்து என்று எழுதவில்லை, எடுத்துப் படித்ததில் ஆயிரத்துக்கு ஐந்து. எங்கள் பள்ளியில் 60 பிள்ளைகள். ஆண்டுக்கு 200 வேலை நாள், அதாவது 40 வாரம். வாரம் ஆளுக்கொரு புத்தகம் எடுத்தால் 2,400 முறை. கணக்குப்படி 12 புத்தகத்தை நாங்கள் தலைநிமிர்ந்து தொலைக்கலாம். பீரோ பூட்டியே இருந்தால் எடுத்தது பூஜ்யம், தொலைக்கும் உரிமையும் பூஜ்யம். அது மத்திய அரசு விதி, மாநிலத் தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தாது என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதுவார். பொருந்தாவிட்டால் பொருந்துகிற மாதிரி ஒன்றைப் போடுங்கள். நல்லதைக் கடன் வாங்க என்ன கூச்சம்?

எங்கள் தொழிலிலும் கழிவு உண்டு. கோராப் பட்டைச் சாயத்துக்கு முன்னால் வேகவைத்துப் பசை எடுப்போம். ஏறக்குறைய கால் பங்கு எடை அந்தத் தண்ணீரோடு போய்விடும். முதலாளி எடை போட்டுத்தான் நூல் கொடுக்கிறார், எடை போட்டுத்தான் சேலை வாங்குகிறார், கிராம் கணக்கில் கறாரான மனிதர். போன கால் பங்கு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. பசை போகாவிட்டால் பட்டு மின்னாது, சாயம் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளை குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். அது நல்ல சட்டமா என்பது வேறு கடிதம். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் நடப்பது இது: சாயங்காலம் தறிக்கு நூலைத் தாரில் சுற்ற உட்காருகிற பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பட்டு நூலை நாங்கள் நம்பிக் கொடுக்கிறோம். இழை அறாமல் திருப்பிக் கொடுக்கிறது. அதே பிள்ளையை நம்பி 25 ரூபாய்ப் புத்தகத்தை ஓர் இரவு வீட்டுக்கு அனுப்ப அரசுக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். கிழிந்ததையும் தொலைந்ததையும் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொடுங்கள். எதெதற்கோ தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், இதற்கும் போடுகிறோம். எழுத்தாளர் வந்தால் மேடை வேண்டாம், ஒரு வகுப்பறையும் ஒரு மணி நேரமும் போதும். சால்வைக் காசைக் கூலியாகக் கொடுக்க ஒரு தலைப்பு திறந்து விடுங்கள். அவர் வருவதற்கு முந்தைய வாரமே அவருடைய புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூலியைத் தவிர வேறு எதைக் கேட்பார்கள்? நாளையும் பார்த்துக் குறியுங்கள். உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23இல் வருகிறது, அப்போது எங்கள் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வில் இருப்பார்கள், அல்லது விடுமுறையில் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டன்காரர்கள் ஈஸ்டர் விடுமுறையோடு மோதக் கூடாதென்று அந்த நாளையே மார்ச்சுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் இறந்த அந்த நாளை ஷேக்ஸ்பியரின் ஊர்க்காரர்களே நகர்த்தும்போது நாம் ஒரு சுற்றறிக்கையை நகர்த்தக் கூடாதா?

தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தொலைந்த புத்தகப் பட்டியலை முதலில் கேட்கட்டும். ஆண்டு முழுவதும் ஒன்றுகூடத் தொலையாத, ஒரு பக்கம்கூடக் கிழியாத பள்ளியிடம் ஏன் என்று விளக்கம் கேட்டு, பதினைந்து நாளில் பதில் தரச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். எல்லாப் புத்தகமும் இருக்கின்றன என்று மேலே எழுதியது பதிவேட்டு நிலவரம். படம் எடுத்து முடித்துத் திருப்பி வாங்கியபோது ஒன்று குறைந்தது. எண்ணிக்கையைச் சரிக்கட்ட வீட்டிலிருந்த பழைய பஞ்சாங்கம் ஒன்றைக் கொண்டுபோய் நான்தான் வைத்தேன். காணாமல் போனது சால்வையைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. மூன்று தெருவுக்குக் கைமாறி இப்போது அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. கதையின் தொடக்கம் தெரியாமல் ஆளுக்கொரு தொடக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பக் கேட்க எனக்கு மனமில்லை. விலை 25 ரூபாய். அதை என்னிடமே வசூல் செய்வதானால் தீபாவளிச் சேலைக்குக் கூலி வந்தபிறகு செய்துகொள்ளவும். பஞ்சாங்கத்தை மட்டும் திருப்பித் தந்துவிடவும், வீட்டில் நாள் பார்க்கக் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் வகை உறுப்பினர்

நகல்: பொறுப்பு ஆசிரியர், பீரோ சாவி – தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்.