ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு கண்ணு

ஏங்கண்ணு, அந்தக் கரண்டு வண்டியில ‘ஸ்போர்ட்’ பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டிக் காட்டறயே, நல்லாத்தான் இருக்குது. போன வாரம் பல்லடத்துக்கு இக்கட்டால சார்ஜு தீந்துபோயி, வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தயே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஊரே பாத்துது. இப்ப காலேஜுப் பசங்களோட சேந்து கரண்டு ரேஸ் கார் கட்டப் போறயாமா. கட்டு சாமி, யாரு வேண்டாங்கறா? கட்டறதுக்கு முன்னால இந்த அப்புச்சி சொல்ற நாயத்தையும் சித்த நேரம் காதுல வாங்கிக்கோ.

எருமைக்குத் தவிடு வெக்கறவனுக்கு ஃபார்முலா ஈங்கற கரண்டு கார் ரேஸ் பத்தி என்ன தெரியும்னு இளக்காரமாப் பாக்காதே. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே வந்த காலத்துல இருந்து வேலிக்கு அக்கட்டால நின்னு ரேஸ் பாத்தவன் நானு. அது போக, ஸ்கிரீன் ஒடைஞ்சுபோச்சுன்னு நீ தூக்கிப் போட்ட போன் என்கிட்டத்தான் இருக்குது. ராவுல தூக்கம் வராம அந்த ஃபார்முலா ஈ மொத சீசனை முச்சூடும் பாத்து முடிச்சுட்டேன். 2014 செப்டம்பர்ல பெய்ஜிங்குல ஆரம்பிச்சு 2015 ஜூன்ல லண்டன்ல முடிஞ்சுது, 11 ரேஸ்.

அது பொறந்த கதையே லொள்ளுதான். 2011-ல பாரிசுல ஒரு ஓட்டல்ல சாப்பிட ஒக்காந்தாங்க, மோட்டார் ரேசுக்கு உலகம் முச்சூடும் சட்டம் போடற எஃப்.ஐ.ஏ.வுக்கு அப்பத் தலைவரா இருந்த ஜான் டோட்டும் அலெஹாந்த்ரோ அகாக்குங்கற ஸ்பெயின்காரரும். கை தொடைக்கற காயிதத்துல நாலு வரி கிறுக்குனாங்க. அதுதான் ஆரம்பம். பத்திர ஆபீசு கெடையாது, சாட்சிக் கையெழுத்துக் கெடையாது. அதைப் பாத்துட்டு நீயும் ஒரு காயிதத்தை எடுத்துக்கிட்டு எங்கிட்ட காசு கேட்டு வந்துராதே.

அந்த மொத சீசன்ல கார்ல வித்தியாசமே இல்லை. டல்லாரா கட்டுன ஒடம்பு, மெக்லாரன் மோட்டாரு, வில்லியம்ஸ் பேட்டரி. 10 டீமுக்கும் அதே கார்தான். அப்ப எவன் ஜெயிப்பான்? அங்கதான் யூனிட்டுக் கணக்கு வருது. பேட்டரியில ரேசுக்குக் குடுக்கறது 28 யூனிட். நம்ம கெணத்து மோட்டாரு 5 குதிரை. அதுக்கு 28 யூனிட் குடுத்தா 7 மணி நேரம் தண்ணி எறைக்கும். தென்னைக்குப் பாஞ்சு, வாழைக்குப் பாஞ்சு, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாய்க்காலை ஒடைச்சு விடறதுக்கும் மிச்சம் இருக்கும். இவங்க ரேஸ்ல எடுக்கறது 150 கிலோவாட், ஏகதேசம் 200 குதிரை. முழுசா அமுக்கிப் புடிச்சா 11 நிமிசத்துல பேட்டரி காலி. ரேசோ 50 நிமிசத்துக்குக் கிட்ட ஓடும்!

அதுக்குத்தான் அப்ப ஆளுக்கு ரெண்டு கார். 20 பேருக்கு 40 கார். பாதி ரேஸ்ல கேரேஜுக்குள்ள ஓட்டியாந்து நிறுத்தோணும். பெல்ட்டைக் கழட்டோணும். ஒண்ணுல இருந்து எகிறி இன்னொண்ணுல குதிக்கோணும். குனிஞ்சு நிக்கற ரெண்டு பேரு பெல்ட்டை இழுத்து மாட்டி விட்டாக் கௌம்போணும். அவசரத்துல பெல்ட்டைச் சரியா மாட்டாமப் போயிருவாங்கன்னு பயந்து, இத்தனை செகண்டுக்குள்ள வெளிய வரக் கூடாதுன்னு ஒரு கணக்கு வேற. ரேசுன்னு கூப்புட்டு வந்து ‘கம்முனு நின்னுட்டுப் போ’ன்னு சட்டம் போட்டிருக்காங்க பாரு, அந்த எடத்துலதான் எனக்கு இந்த வெளையாட்டுப் புடிச்சுப்போச்சு.

ரெண்டு காரையும் கூட்டிப் பாத்தாலும் 22 நிமிசத்துக்குத்தான் முழு வேகம். மிச்சத்துக்கு என்ன பண்றது? வளைவு வர்றதுக்கு முன்னாலயே காலைத் தூக்கிரோணும். வண்டி தானா உருளும். பிரேக்குப் புடிக்கறப்பக் கொஞ்சம் கரண்டு பேட்டரிக்குத் திரும்பும். உங்க அம்மாயி ஆளில்லாத ரூம்பு லைட்டை அணைச்சுக்கிட்டே வர்றப்ப ‘கஞ்சப் பிசுநாறி’ன்னு சிரிச்சயே, அந்த வேலையைச் செய்யறதுக்குத்தான் அங்க ஒவ்வொருத்தனுக்கும் சம்பளம்.

சார்ஜு எங்கிருந்துங்கறே? கிளிசரின்ல ஓடற ஜெனரேட்டர்ல இருந்து. பயோடீசல் எடுக்கறப்ப மிஞ்சற சரக்கு அது. நல்ல ரோசனைதான், குத்தஞ் சொல்லலை. ஆனா கரண்டு ரேசுக்கு ஜெனரேட்டர் வெச்சதைக் கேட்டு நான் சிரிச்ச சிரிப்புல உங்க அம்மாயி எந்திரிச்சு ஒக்காந்துட்டா. அப்பறம் ஃபேன்பூஸ்ட்டுன்னு ஒண்ணு அப்ப இருந்துச்சு. சனங்க இன்டர்நெட்டுல ஓட்டுப் போடோணும்; எச்சா ஓட்டு வாங்குன 3 பேருக்கு மட்டும் 5 செகண்டு எச்சாக் கரண்டு. ஓட்டையும் கரண்டையும் முடிச்சுப் போடறதுக்கு நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தரோணுமா? நம்மூர்ல ஓட்டுப் போடறவனுக்குக் கரண்டு, அங்க ஓட்டு வாங்கறவனுக்குக் கரண்டு. அதுவும் 5 செகண்டு. நம்ம கட்சிக்காரங்களே தேவல.

சரி, அவசரக்காரங்க கதைக்கு வா. பெய்ஜிங்குல கடேசி ரவுண்டு, கடேசி வளைவு. முன்னால நிக்கோலா ப்ரோஸ்ட், ஃபார்முலா ஒன்ல 4 தடவை சாம்பியன் ஆன அலென் ப்ரோஸ்ட் மகன். பின்னாலயே நிக் ஹைட்ஃபெல்ட். உள்பக்கமா ஹைட்ஃபெல்ட் நொழையறாரு, ப்ரோஸ்ட் காரை அந்தப் பக்கமே திருப்பறாரு. ஹைட்ஃபெல்ட் கார் ஓரக் கல்லுல ஏறி, ஆகாசத்துல பொரண்டு, தலைகுப்புற வேலியில போயி விழுந்துச்சு. மனுசன் ஒரு கீறல் இல்லாம வெளிய வந்து, நேரா ப்ரோஸ்ட்கிட்ட நாயம் கேக்கப் போயிட்டாரு! மூணாவதா வந்துட்டிருந்த லூக்காஸ் டி கிராசி அப்பிடியே ஒதுங்கிப் போயி மொதக் கோப்பையைத் தூக்கிட்டாரு. நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் மஹிந்திரா காரை ஓட்டிக்கிட்டு அஞ்சாவதா வந்தான். பொரண்டதைப் பாத்த கூட்டம் அதைப் பாத்துதா என்னமோ.

புவெனஸ் ஐரிஸ்லயும் அதே கெரகம்தான். முன்னால போன செபாஸ்டியன் புவேமி செவுத்துல இடிச்சாரு, அடுத்து முன்னால வந்த டி கிராசிக்கு சஸ்பென்சன் போச்சு, அடுத்தது ஹைட்ஃபெல்ட், பிட் லேன்ல வேகமாப் போனதுக்கு அபராதம். ஃபீலிக்ஸ் ட கோஸ்டா கெலிச்சாரு. டி கிராசி பெர்லின்ல எல்லாரையும் தூக்கிச் சாப்புட்டு ஜெயிச்சாரு. அப்பறம் முன் ரெக்கையில ஏதோ ஒட்டுவேலை பண்ணியிருக்காங்கன்னு கண்டுபுடிச்சு ஜெயிச்சதையே புடுங்கிட்டாங்க. 25 புள்ளி போச்சு. சீசன் முடிஞ்சப்ப அவருக்கு 133, சாம்பியனுக்கு 144. கூட்டிப் பாத்துக்கோ. உங்க டீம்ல வெல்டிங் வெக்கற பையன்கிட்டயும் சொல்லு.

இனி லண்டன். பேட்டர்சீ பார்க்குன்னு, சனங்க நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கற பூங்காவுக்குள்ள ரேஸ். ஜூன் 28, கடேசி நாளு. நெல்சன் பிக்கே ஜூனியர் 138 புள்ளி, புவேமி 133. யாரு இந்தப் பிக்கே? அப்பன் ஃபார்முலா ஒன்ல 3 தடவை சாம்பியன். மகன் 2008-ல சிங்கப்பூர்ல, டீம்காரங்க சொன்னாங்கன்னு வேணும்னே செவுத்துல மோதி, கூட ஓட்டுனவனை ஜெயிக்க வெச்சவன். அடுத்த வருசம் அது வெளிய வந்து நாறிப்போச்சு. அப்பேர்ப்பட்டவன் இங்க வந்து பொட்டுப் பொட்டாப் புள்ளி சேத்து முன்னால நிக்கறான். அன்னிக்குப் பாத்து, தகுதிச் சுத்துல அவன் மொறை வர்றப்ப மழை. 16-வது எடம்.

புவேமிக்கு ராசிதானே? இல்லை. கார் மாத்திக்கிட்டு வெளிய வந்தவரு, சூடேறாத டயர்ல வேகம் காட்டிச் சுத்திட்டாரு. நான் சொன்னனே, அவசரம்னு. சுத்தி எந்திரிச்சுப் பாத்தா முன்னால போறது மஹிந்திரா கார். ஓட்டறது புரூனோ சென்னா. அந்த ஒரே ஒரு காரைத் தாண்டுனாப் போதும், சாம்பியன் பட்டம் கையில. கடேசி ரவுண்டு வரைக்கும் மூக்கை நொழைச்சு நொழைச்சுப் பாக்கறாரு. சென்னா வழி விடலை.

இதுல கூத்து என்னன்னா, புவேமி ஓட்டுனது அலென் ப்ரோஸ்ட் பங்கு வெச்சிருந்த டீம். புரூனோவோட தாய்மாமன் அயர்ட்டன் சென்னாவும் அந்த ப்ரோஸ்ட்டும் சுசூக்காவுல 1989-லயும் 1990-லயும் கார் மேல கார் ஏத்திக்கிட்ட பகை. சரி, மாமன் பகையை மருமகன் தீத்துட்டான்னு வெச்சுக்கலாம்னா, பலன் யாருக்குப் போச்சு? பிக்கே மகனுக்கு. அந்தப் பெரிய பிக்கேவுக்கும் அயர்ட்டனுக்கும் ஒரே நாடுங்கறதைத் தவிர வேறெதுலயும் ஒத்துப்போகாது. மாமனுக்கு ஆகாத ஒரு ஊட்டை மறிச்சு, ஆகாத இன்னொரு ஊட்டுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்துட்டான் பையன்!

அன்னிக்குக் கோட்டை மொதல்ல தாண்டுன ஸ்டெஃபான் சராசின், கடேசி ரவுண்டுல குடுத்த யூனிட்டுக்கு மேல எடுத்துட்டாருன்னு 15-வது எடத்துக்குத் தள்ளிட்டாங்க. பிக்கே ஏழாவது, 144. புவேமி அஞ்சாவது, 143. மூணு ரேஸ் ஜெயிச்சவரு ரெண்டாவது, ரெண்டு ரேஸ் ஜெயிச்சவன் சாம்பியன்.

ஆமா, உங்க டீம்ல யூனிட்டுக் கணக்குப் பாக்க ஆளு போட்டாச்சா? இல்லைன்னாச் சொல்லு. மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பழகுனவன் ஒருத்தன் இங்க சும்மாத்தான் இருக்கறான். சம்பளம் வேண்டாம். வேலிக்கு இக்கட்டால ஒரு சேரு போட்டாப் போதும்.