வீட்டிக்குன்னில் கெட்டிமேளம்

கேரளத்தில் கடலே இல்லாத மாவட்டங்களைச் சொல்லு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் பாலக்காடு, இடுக்கி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவோம். அதற்கு மேல் அந்தக் குறை எங்களை உறுத்தியதில்லை. பெண் கொழிஞ்சாம்பாறை, மாப்பிள்ளை மூணாறு என்று பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகுதான் என் அக்கா மகள் வாயைத் திறந்தாள். கல்யாணம் தீவில்தான் நடக்க வேண்டுமாம். மண்டபம் கூடாது, திறந்தவெளி.

பெங்களூரு உத்தியோகம் அப்படிப் பேச வைக்கிறது. போனில் படம் காட்டினாள். அந்தமானில் ஹேவ்லாக் தீவு, 2018 முதல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். ராதாநகர் கடற்கரை, வெள்ளை மணல், வெள்ளைத் துணியில் ஒரு பந்தல், அதற்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கடலைப் பார்க்கவில்லை, நாற்காலிகளை எண்ணினாள்.

"அம்பதுதான் இருக்குது. மீதிச் சனம் எங்க உக்காரும்?"

எங்கள் வீட்டில் எழுநூறு இலைக்குக் குறைந்து கல்யாணம் நடந்ததில்லை. 1858-இல் வெள்ளைக்காரன் முதல் தவணையாக அந்தமானுக்குக் கப்பலேற்றியதே இருநூறு கைதிகளைத்தான். எழுநூறு பேரை அனுப்பும் துணிச்சல் பிரிட்டிஷ் சர்க்காருக்கே இல்லாதபோது மச்சானுக்கு எப்படி வரும்? அவர் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தார். "ஏனுங் மாமா, பக்கத்துலயே ஒரு தீவு பாத்துக் குடுங்க" என்று பெண் என் பக்கம் திரும்பினாள். தாய்மாமன் சீரில் இந்த அயிட்டம் எந்தக் காலத்தில் சேர்ந்தது என்று தெரியவில்லை.

ஆனால் தீவு இருந்தது. அதுவும் எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே.

பரம்பிக்குளம் அணையின் நீர்த்தேக்கத்தில் வீட்டிக்குன்னு என்று ஒரு தீவு. வனத்துறையின் குடில் ஒன்று அங்கே உண்டு, படகில் போய்த் தங்கலாம். சுற்றிலும் தண்ணீர், தண்ணீரைச் சுற்றிக் காடு. அந்தமானே தோற்றது. சிக்கல் வழியில்தான். பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது, கேரள மண். ஆனால் காரில் போக வேண்டுமானால் முதலில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றி, தமிழ்நாட்டு வனத்துறைக்கு ஒரு தடவையும் கேரள வனத்துறைக்கு ஒரு தடவையும் கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி கேரளத்தில் இறங்க வேண்டும். அணை இருப்பது கேரளத்தில், அதைத் திறந்து மூடுவது தமிழ்நாடு. சம்பந்தி இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "முகூர்த்தத்தன்னைக்குத் தமிழ்நாட்டுக்காரன் தண்ணிய எடுத்துட்டா, தீவு தீவா இருக்குமா?" என்று கேட்டார். மூணாறுக்காரர், அணைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். கேள்வியில் தப்பில்லை.

ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், அதன் கேட் விடிந்த பிறகுதான் திறக்கும், இருட்டும் முன் மூடும். முகூர்த்தத்தைப் பகலுக்கு மாற்றலாமா என்று வனத்துறை ஆள் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மைக் பாடில்ல சேட்டா" என்றார். மைக் வேண்டாம், நாதஸ்வரமும் தவிலும் மட்டும் என்றேன். தவில் என்றால் எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்டார். நான் மேஜைமேல் இரண்டு விரலால் தட்டிக் காட்டினேன். அவர் பாலக்காட்டுக்காரர். கெட்டிமேளம் கேட்காமலா வளர்ந்திருப்பார்? சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

தீவு போனது. திறந்தவெளியாவது கிடைக்கட்டும் என்று சம்பந்தி மூணாற்றையே சொன்னார். தேயிலைச் சரிவு, பனிமூட்டம், படத்துக்கு ரொம்ப அழகு. ஆனால் நாள் தை மாதம். தை பிறக்கும் சமயத்தில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் வெப்பம் பூஜ்ஜியம்வரை இறங்கும், சில வருஷம் அதற்குக் கீழேயும் போகும். மேல்சட்டை இல்லாமல் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை மணையில் உட்கார வேண்டும். மாலை மாற்றுவதற்கு முன் கம்பளி மாற்ற வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி படையப்பா. ரஜினி படத்தின் பெயரை வாங்கிக்கொண்டு மூணாறில் உலாவும் கொம்பன் யானை. காய்கறிக் கடையில் துதிக்கை வைத்துப் பழக்கப்பட்டவர். நாம் என்ன செய்வோம்? பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழையைக் கட்டுவோம். கூடவே கரும்பு, நுங்குக் குலை. அவருக்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி ஆகாதா? "நல்லவன்தான், யாரையும் சும்மா ஒண்ணும் செய்யமாட்டான்" என்று சம்பந்தி சர்டிபிகேட் கொடுத்தார். அந்த 'சும்மா'வில் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை.

மாப்பிள்ளை கொழுக்குமலையைச் சொன்னார். உச்சியில் சூரியோதயம், காலடியில் மேகம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் இடுப்பு கழன்றுதான் போய்ச் சேர வேண்டும். ஏறும் பாதை இடுக்கி மாவட்டம், மேலே நிற்கும் மண் தேனி மாவட்டம். மச்சான் ரெவின்யூ ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவர், அன்றைக்குத்தான் விட்டத்தை விட்டுக் கண்ணை எடுத்தார். கேரளத்தில் தாலி கட்டினால் 45 நாளுக்குள் பஞ்சாயத்தில் பதிய வேண்டும், தமிழ்நாட்டில் கட்டினால் 90 நாள், சார்பதிவாளர் ஆபீஸ். அப்படியென்றால் மணமேடை எந்த சர்வே நம்பரில் வருகிறது, மாப்பிள்ளை தாலி கட்டும்போது எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டார். அந்தப் பக்கத்து எல்லையைப் பேப்பரே இல்லாமல் தாண்டிய பெரிய மனிதர் அரிக்கொம்பன் ஒருவர்தான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள், மே மாதமே கம்பம் ஊருக்குள் வந்து நின்றார். அரிசிமேல் அத்தனை பிரியம் உள்ள யானை. தமிழ்நாட்டார் ஜூனில் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டிராவிட்டால் எங்கள் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

மறையூர் மழை மறைவுப் பகுதி, குடை தேவையில்லை என்று போட்டோ எடுக்கும் பையன் ஆசை காட்டினான். சந்தனக் காடு, வெல்லம் காய்ச்சும் வாசனை, பாறைமேல் பெரிய பெரிய கற்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள். அந்தக் கல்லுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நின்றால் 'ஆண்டிக் லுக்' வரும் என்றான். அது என்னடா கல் என்று எங்கம்மா கேட்டாள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம் என்று படித்த பெருமையில் பையன் விளக்கினான். அம்மாவுக்கு ஈமம் என்ற சொல் மட்டும் நன்றாகக் கேட்டது. "கல்யாணப் புள்ளைய இழவுக் கல்லுகிட்ட நிறுத்தறதுக்கு உனக்கு அட்வான்சு வேற குடுத்திருக்குதா?" அந்த அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை.

மிச்சம் எங்கள் ஊர். காலண்டரை எடுத்தோம். ஆடியும் மார்கழியும் ஆகாது, புரட்டாசி அம்மாவுக்கு ஆகாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் நாற்பதைத் தொடும், திறந்தவெளியில் அப்பளம் தானாகப் பொரியும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மலைத்தொடரில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. அதில் நுழைந்து வருகிற காற்று பனைமரத்தையே சாய்த்துப் பார்க்கும், அட்சதை போட்டால் மணமக்கள்மேல் விழாது, பொள்ளாச்சியில் விழும். ஐப்பசியில் மத்தியானம் தாண்டினால் இடி. தையும் மாசியும் தப்பின.

இவ்வளவும் பேசிக் களைத்த ராத்திரி அக்கா என்னைத் தனியாகச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அந்தப் பரம்பிக்குளத்துத் தீவுல எத்தன பேருக்கு விடுவாங்கன்னு சொன்னே?"

ஒரு சின்னக் குடும்பம் தங்கலாம், அவ்வளவுதான் என்றேன்.

"எழுத்துல குடுப்பாங்களா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாக மச்சானின் அண்ணன் குடும்பத்துக்குப் பந்தியில் பாயசம் பத்தவில்லை, ஜவுளியில் கரை சின்னது, வரவேற்பில் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. யாரையும் விடவும் முடியாது, கூப்பிட்டு மாளவும் முடியாது. "நாங்க எல்லாரையும்தான் கூப்புடறோம், சர்க்காரு விடமாட்டேங்குது" என்று ஒரு சீல் வைத்த தாள் இருந்தால் போதும். மகளின் தீவு ஆசையை முதல் நாளிலிருந்து எதிர்த்தவள், மறுநாள் காலையில் சேத்துமடைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். மகளோ அதற்குள் மனம் மாறி, வீட்டு முன்னால் தென்னந்தோப்பிலேயே பந்தல் போட்டால் போதும் என்று இறங்கி வந்திருந்தாள். இப்போது அம்மாக்காரி இறங்க மறுத்தாள்.

செய்தி எப்படியோ மச்சானின் அண்ணன் காதுக்கு எட்டிவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று அக்கா ஆவலோடு காத்திருந்தாள். அவர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "படகுல எடமில்லைன்னா பரவால்லீங். நாங்க சித்தூர்ப் புழையில நீச்சலு பழகின குடும்பம். நீஞ்சியே வந்து சேந்துருவோம், எலைய மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்க."