டியூ நாள் சண்டைகள்

கேள்வி: குழு லோனுக்கு டியூ கட்டும் செவ்வாய்க்கிழமை வந்தாலே வீட்டில் சண்டை. மற்ற நாட்களில் என் கணவர் தங்கமான மனிதர். அன்றைக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறார்?
– ஒரு வாசகி, செய்யாறு

பதில்: சண்டையைத் தொடங்குவது அவரும் இல்லை, நீங்களும் இல்லை, செவ்வாய்க்கிழமை. உங்கள் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்த விஷயம்தான் இது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் இரண்டு தடவை சந்தித்தார்கள். ஒரு தடவை, வெட்டுக்கு முன்னால், நகை அடகுக்குப் போயிருக்கும் நாட்களில். மறு தடவை, கரும்புப் பணம் கைக்கு வந்த பிறகு. இரண்டு தடவையும் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் வேகமாகச் செய்தார், தப்பும் குறைந்தது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. ஆள் அதேதான், படிப்பும் அதேதான். பணக்கவலை தலைக்குள் குடியேறினால் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. பொறுமைக்கும் நிதானத்துக்கும் மிச்ச இடம்தான்.

அதனால், பணம் எங்கிருந்து புரட்டுவது என்ற பேச்சை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், நாத்தனார் சீர், நிலப் பத்திரம் எதையும் செவ்வாய்க்கிழமை எடுக்காதீர்கள்.

கேள்வி: மன உறுதி இருந்தால் கடன் ஒரு மனிதனை என்ன செய்துவிடும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மன உறுதி வட்டி கட்டாது. கடன்பட்டவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். பணமும் இல்லை, உறுதியும் இல்லை என்று அவருக்கு இரண்டு குறையாகிவிடும்.

கேள்வி: வீட்டுக் கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தே வைத்திருக்கிறோம். ஆனாலும் ஏழாவது படிக்கும் மகள் சரியாகப் பேசுவதில்லை, மார்க்கும் இறங்குகிறது.
– ஒரு பெற்றோர், பெரம்பலூர்

பதில்: கணக்கை மறைக்கலாம், குரலை மறைக்க முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980-களில் நிலத்தின் விலை சரிந்து, கடன் வாங்கியிருந்த விவசாயக் குடும்பங்கள் தத்தளித்தன. அந்தப் பகுதியில், உங்கள் மகளைப் போலவே ஏழாம் வகுப்பில் பிள்ளை இருந்த 451 குடும்பங்களை 1989 முதல் ராண்ட் காங்கர், க்ளென் எல்டர் முதலிய ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பணக்கஷ்டம் பர்ஸிலிருந்து நேராகப் பிள்ளையிடம் போவதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. முதலில் அப்பா அம்மாவின் மனம் சோர்கிறது. அந்தச் சோர்வு இருவருக்கும் நடுவில் கடுகடுப்பாகிறது. அந்தக் கடுகடுப்புத்தான் பிள்ளையின் மேல் எரிச்சலாக விழுகிறது.

எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. வருமானத்தை நாளைக்கே கூட்ட உங்களால் முடியாமல் போகலாம், ஆனால் கஷ்டத்தை நடுவழியில் மறிக்க முடியும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் ஆதரவாக நின்ற வீடுகளில், அதே கஷ்டம் மனச்சோர்வாக மாறுவது குறைந்தது. மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: "கொஞ்ச நாளா காசுக்குக் கஷ்டம்மா. நானும் அப்பாவும் சமாளிக்கிறோம். அதனாலதான் சிடுசிடுங்கறோம், உன்மேல கோபம் இல்ல." தொகை சொல்ல வேண்டாம், யார் கொடுத்த கடன் என்றும் வேண்டாம். காரணம் தெரியாத பிள்ளை, தானே காரணம் என்று எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: நாலு குழுவில் கடன், நகைக்கடன் தனி. ஊரில் அண்ணன் கொஞ்சம் பணம் தருகிறார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கட்டவா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். முழுசாக முடிக்கக்கூடியதை முடித்து, கணக்கை மூடுங்கள். சிங்கப்பூரில் நெடுநாள் கடனில் கிடந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு கடனை அடைத்துக் கொடுத்தது. அவர்களில் 196 பேரை முன்னும் பின்னும் ஆராய்ந்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. ஒரே அளவு பணம் கிடைத்தவர்களிலும், எத்தனை கடன் கணக்குகள் மூடப்பட்டனவோ அந்த அளவுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. ஒவ்வொரு கடனும் தனியாக ஒரு தேதி, தனியாக ஒரு முகம், தனியாக ஒரு பயம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கந்துவட்டி இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள்.

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். மானம் போகிறது.
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: மானம் போக வேண்டியது கத்துகிறவருக்கு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்யக் கூடாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, குழுப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து புகார் கொடுங்கள்.

கேள்வி: மில் மூடியதிலிருந்து அப்பா வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். குடியில்லை, கோபமும் இல்லை. பேப்பர்கூட படிப்பதில்லை. சோம்பேறி என்று அம்மா திட்டுகிறார்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள், அவருக்கும் வலிக்கிறது என்பதை மறக்காமல். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஓர் ஊர், ஒரே நூற்பாலையை நம்பிய ஊர். ஆலை மூடிய பிறகு மரி யஹோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்து 1933-இல் புத்தகமாகப் போட்டார்கள். வேலை போனால் படிக்க நேரம் கிடைக்கும் அல்லவா? அங்கே நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டும், புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துபோனது. காலையில் சங்கு ஊதினால் எழுந்து ஓடிய மனிதருக்குப் பொழுதெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அப்பாவுக்குத் தேவை அறிவுரை இல்லை. நேரம் குறித்த, உண்மையிலேயே அவர் இல்லாமல் நடக்காத ஒரு வேலை. பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ரேஷன், தெரிந்த கடையில் அரை நாள் கணக்கு. தூக்கம், பசி குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். செத்தால் தேவலை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பணம் வந்தால் மனம் சரியாகிவிடுமா?
– ஒரு மாணவி, சேலம்

பதில்: எல்லாம் ஆகாது, நிறைய ஆகும். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை சுமார் 18 சதவீதம் குறைந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. உதவித்தொகையை வீண்செலவு என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கேள்வி: கஷ்டத்தில்தான் அடிக்கிறார், மனசு கெட்டவர் இல்லை.
– ஒரு வாசகி (ஊர் வேண்டாம்)

பதில்: அதே கஷ்டத்தில் மேஸ்திரியை அடித்தாரா? கடன்காரரை அடித்தாரா? இல்லையே. அப்படியானால் கையை அடக்க அவருக்குத் தெரியும். சிடுசிடுப்புக்குக் கடன் காரணமாகலாம், அடிக்குக் காரணமாகாது. மேலே சொன்ன பொறுமை, ஆதரவு எதுவும் உங்களுக்கான பதில் இல்லை. 181-க்கு அழையுங்கள், பெண்களுக்கான இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள். அதற்கு முன் பிள்ளைகளின் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் நீங்கள் நம்புகிற ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.