சும்மா இருக்கக் கூலி

வாடா ராசா, உக்காரு. நேத்து உன் வீட்டுக்கு வந்தேன் பாரு, முத்தரசநல்லூர்ல கட்டுன வேட்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல நசுங்கியும் வெள்ளை கொறையாமத்தான் ஸ்ரீரங்கம் வந்துச்சு. உன் வீட்டு பெல்லை அமுக்குனேன். உன் லாப்ரடார் ரெண்டு காலையும் தூக்கி என் தோள்ல போட்டுருச்சு. என் சம்பந்திகூட இந்த வயசுல அப்படிக் கட்டிப் பிடிச்சதில்லை.

நீ என்ன பண்ணே? 'நோ நோ'ன்னு இங்கிலீஷ்ல கத்துனே. மருமக ஓடியாந்து அது வாயை அடைக்க ஒரு பிஸ்கட்டைப் போட்டுச்சு. இப்ப சொல்லு, அந்த வீட்டுல யாரு யாரைப் பழக்குறது? குரைச்சா பிஸ்கட்டுன்னு கண்டுபிடிச்சு, படிச்ச புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் ஆறே மாசத்துல வழிக்குக் கொண்டாந்துருச்சு. கெட்டிக்கார நாய். உங்களைப் பத்தித்தான் எனக்குக் கவலை.

'சும்மா இரு'ன்னு ஒரு அதட்டல் போட்டா அடங்கிரும்னு பாக்குற. நம்ம ஊரு தாயுமானவரு அரண்மனைக் கணக்குப் பாத்தவரு. அவ்வளவு பெரிய மனுசனுக்கே சும்மா இருக்கக் கத்துக்குடுக்க ஒரு மௌனகுரு வேண்டியிருந்துச்சு. உன் நாய்க்கு வாய்ச்ச குரு நீ. வாயை மூட மாட்டேங்குறியே!

சரி, கேட்டுக்க. அது மூலையில சுருண்டு கெடக்கும்ல, அப்ப நீ என்ன பண்ற? 'அப்பாடா'ன்னு போனை எடுத்துக்கிட்டு உக்காந்துடற. வேலை பாக்குறப்ப சம்பளம் இல்ல, ரகளை பண்ணாத்தான் சம்பளம்னா எவன் வேலை பாப்பான்? படுத்திருக்குறப்ப சத்தமில்லாமப் போயி, முன்னங்காலுக்கு நடுவுல தரையில ஒரு துணுக்கை வச்சிட்டு வந்துரு. கொஞ்சாத, கொஞ்சுனா எந்திரிச்சுரும். ரெண்டு செகண்டுக்குள்ள குடுக்கணும். ஆடி அசைஞ்சு நீ போறதுக்குள்ள அது உன் செருப்பைக் கடிக்க ஆரம்பிச்சிருந்தா, கூலி செருப்புக் கணக்குல ஏறிரும்.

தாவுனா மொகத்தைத் திருப்பிக்க. நாலு காலும் தரையில பட்டாத்தான் பேச்சு. மொத நாலஞ்சு நாளு முன்னையவிட மோசமாத்தான் ஆடும். மோட்டார் சுவிச்சைப் போட்டுத் தண்ணி வரலைன்னா உடனே வீட்டுக்கா போறோம்? ஓங்கி நாலு தட்டுத் தட்டிப் பாக்குறோம்ல, அது மாதிரி. அன்னைக்குப் பாத்து மனசு எளகி ஒரு பிஸ்கட் போட்டே, தொலைஞ்சே. இனிமே இவ்வளவு குரைச்சாத்தான் வரும்னு அது விலையை ஏத்திரும்.

ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒரு டாக்டரு, 1904ல நோபல் பரிசு வாங்குனவரு. சோத்துக்கு முன்னால சத்தம் காட்டிக் காட்டி, வெறும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வச்சாரு. நீ பெல் சத்தத்துக்குக் கூத்து ஊற வச்சிருக்க. மருமகளை வெளிய நிக்க வச்சு ஒரு நாளைக்குப் பத்து தரம் பெல் அடிக்கச் சொல்லு. நீ உள்ள அதைப் பாயில உக்கார வச்சுக் கூலி குடு. பத்துக்கும் விருந்தாளி வரலைன்னா, பெல்லுன்னா பாயின்னு அதுக்கே புரிஞ்சிரும். பக்கத்து வீட்டுக்காரங்க உன்னைப் பத்திப் பேசுவாங்க. இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க.

கூலின்னு கோயில் அக்காரவடிசலை வச்சுராத. அதுல திராட்சை கெடக்கும். திராட்சை நாய்க்குக் கிட்னியைக் கெடுத்துரும், பெருமாள் பிரசாதமா இருந்தாலும் அதேதான். சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது. நானா இருந்தா அவிச்ச கோழி குடுப்பேன். உன் வீட்டு ஓனருக்குக் கறி வாசம் ஆகாதுன்னா கேரட்டு, அவிச்ச சர்க்கரைவள்ளி, கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி வச்சுக்க. அதை ராத்திரிச் சோத்துல கழிச்சிரு. இல்லைன்னா நாயி அமைதியாவும் இருக்கும், அண்டாவாவும் இருக்கும்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்னால போலீசு நாய் மோப்பம் பிடிக்க வரும், பாத்திருப்ப. குண்டு வாசம் தெரிஞ்சா அது குரைக்காது, தாவாது. அப்படியே உக்காந்துரும். உன் நாயாட்டம் குண்டு மேல ரெண்டு காலைத் தூக்கிப் போட்டா, 236 அடி ராஜகோபுரம் என்னாகுறது? அப்படி உக்காந்ததுக்கு அதுக்குக் கெடைக்குற சம்பளம் பெரும்பாலும் ஒரு ரப்பர் பந்து.

அடுத்த மாசம் மறுபடி வர்றேன். சொல்லிக் குடுத்தது நான்தான், ஆனா பழக்கப் போறது நீ. அதனால லுங்கி கட்டிக்கிட்டுத்தான் வருவேன்.